சொலான்ஜின் மெத்தைக்காரன்

அர்மான் ஷசாங்குக்கு எழுபது தாண்டிவிட்டது. இந்த வயதில் ஒரு மனுஷனுக்கு மூட்டுவலி வரலாம், சர்க்கரை வரலாம், காது மந்தமாகலாம். அர்மானுக்கு வந்தது பொறாமை. அதுவும் உயிரோடு இருக்கிற ஆள் மேல் வந்திருந்தால் நேரே போய்ச் சட்டையைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டிருப்பார். அவருக்கு வந்ததோ, ரயில் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத காலத்தில் கில்லட்டினில் தலை போன ஒரு மெத்தைக்காரன் மேல்.

அவன் பெயர் அந்தெல்ம் புரூனல். ஓவெர்ன் மலைப்பக்கத்திலிருந்து கைவண்டியைத் தள்ளிக்கொண்டு இங்கே மோன்தலூ வரை வந்தவன். வீடு வீடாகப் போய் மெத்தையைப் பிரித்து, உள்ளே கட்டிதட்டிப் போன ஆட்டு மயிரைச் சீப்பில் இழுத்து உதறி, திரும்ப அடைத்துத் தைத்துக் கொடுப்பது தொழில். இரண்டு குளிர்காலங்களில், அவன் மெத்தை தைத்த ஆறு வீடுகளில் ஆறு விதவைகள் செத்துப்போனார்கள். அவன் வந்துபோன மறுநாளே, இல்லையென்றால் அதற்கடுத்த நாள். உடம்பில் காயம் இல்லை, வயிற்றில் விஷம் இல்லை. கம்பளியை முகத்தில் வைத்து அமுக்கிவிட்டான் என்று வழக்கு. அவன் வண்டியில் ஒரு விதவையின் வெள்ளிச் சிலுவை அகப்பட்டது. கூலிக்குப் பதிலாகக் கொடுத்தார்கள் என்றான். நீதிமன்றத்தில் வேறு எதைக் கேட்டாலும் அவன் சொன்னது ஒன்றுதான்: "கூப்புட்டாங்க, போனேன்." நகரத்து ஜூரிகளுக்கு அது திமிராகப் பட்டது. தலையை எடுத்துவிட்டார்கள். பாரிஸ் பத்திரிகைகள் இரண்டு பத்தி எழுதி முடித்துக்கொண்டன. ஊரும் மறந்துபோனது.

மறக்க விடாமல் தோண்டி எடுத்தவள் அர்மானின் மனைவி சொலான்ஜ்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவள் தோண்டப் போனது அர்மானுக்காகத்தான். மருந்துக்கடை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், கணவனின் பிறந்தநாளுக்கு ஷசாங் குடும்பத்தின் வம்சக்கொடியை எழுதிச் சட்டம் போட்டுக் கொடுக்கலாம் என்று ஆசைப்பட்டாள். மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். அப்பா, தாத்தா, பூட்டன் என்று ஏறிக்கொண்டே போனவள், மர்கெரித் ஷசாங் என்ற விதவையிடம் வந்து நின்றாள். ஆறு பேரில் மூன்றாமவள். அர்மானின் பூட்டனைப் பெற்றவள். அங்கே நின்றவள் அப்புறம் மேலே ஏறவேயில்லை. பக்கவாட்டில் திரும்பி அந்தெல்மோடு போய்விட்டாள். என் ஆட்களைத் தேடிப் போனவள் அவர்களைக் கொன்றவனோடு திரும்பி வந்தாள் என்று அர்மான் மனதுக்குள் சொல்லிச் சொல்லிக் குமைந்தார். வம்சக்கொடிக்கு வாங்கிய சட்டம் இன்னும் பரணில் கிடக்கிறது, விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல்.

சொலான்ஜுக்குக் கார் ஓட்டத் தெரியாது. லியோன் நகரத்தில் டிராமில் வளர்ந்தவள். ஆகவே செவ்வாய்க்கிழமைதோறும் அவளைக் காப்பகத்துக்குக் கொண்டுபோய் விடுகிறவர் அர்மான்தான். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர், எத்தனையோ பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கியவர், இப்போது கட்டிய மனைவியை இன்னொருத்தனிடம் கொண்டுபோய் இறக்கிவிட்டு எதிர்த்த காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தார். அவள் இறங்கும்முன் கண்ணாடியைச் சாய்த்து உதட்டுச் சாயத்தைச் சரிபார்த்துக்கொள்வாள். பழைய காகிதத்தைப் படிப்பதற்கு உதட்டுச் சாயம் எதற்கு?

ஒரு நாள் சாயங்காலம் அவள் காருக்குள் ஏறும்போதே முகம் பளபளவென்று இருந்தது. சிறையில் எழுதிவைத்த அங்க அடையாளம் கிடைத்துவிட்டதாம். வீடு வந்து சேரும்வரை அதே பேச்சு. கண் சாம்பல் கலந்த நீலம். முடி பழுப்பு, சுருட்டை. இடது புருவத்தில் தழும்பு.

"பல்லு ஒண்ணுகூட விழலையாம் அர்மான். அந்தக் காலத்துல, ஒரு கூலிக்காரருக்கு, யோசிச்சுப் பாரு."

அர்மானுக்கு மேல்வரிசை முழுதும் கட்டிய பல். அவர் வாயை இறுக மூடிக்கொண்டு வண்டியை ஓட்டினார். அன்றிரவு குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று தன் புருவத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டது அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

சும்மா இருந்துவிடவில்லை அவர். போட்டி என்று வந்துவிட்டால் இறங்கித்தானே ஆகவேண்டும். புதுச் சட்டை வாங்கினார். முடிவெட்டும் இடத்தை மாற்றினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய அம்மா செய்கிற பக்குவத்திலேயே, உருளைக்கிழங்கை மாவுக்குள் அடுக்கிச் சுட்டு, நடுவில் துளைபோட்டுச் சூடான பாலாடையை ஊற்றி, பெருமையாக மேசையில் கொண்டுவந்து வைத்தார். சொலான்ஜ் ரசித்துத்தான் சாப்பிட்டாள். இரண்டாம் துண்டு வைக்கப்போகும்போது பெருமூச்சு விட்டாள்.

"கடைசி மாசம் பூரா அவருக்கு வெறும் கறுப்பு ரொட்டிதான் குடுத்திருக்காங்க. பாவம்."

"ஆறு கிழவிங்களைக் கொன்னவனுக்கு வேற என்ன குடுப்பாங்க? வாத்துக் கறியா?"

"உனக்கு அவரைக் கண்டாலே ஆகாது," என்றாள் சொலான்ஜ். என்னவோ அடுத்த தெருவில் இருக்கிறவனைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

சீட்டாட்ட நண்பர்களுக்கு இது நல்ல தீனி. வியாழக்கிழமை மதியம் மதுக்கடையில் கூடினால் அர்மானைச் சீண்டாமல் யாரும் சீட்டைக் கையில் எடுப்பதில்லை. அதில் பெரிய வாய் லூசியேன் பெய்ரோவுக்கு. மாட்டுப் பண்ணை வைத்திருந்தவர், அர்மானோடு ஒரே பெஞ்சில் படித்தவர். புதுச் சட்டையைப் பார்த்த அன்று அவர் சொன்னதை இன்னும் அந்தக் கடையில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"தலை இருக்கிறவன்கிட்ட தோத்தா ஒரு மரியாதை உண்டுடா அர்மான். நீ தலையே இல்லாதவன்கிட்ட தோத்துட்டு நிக்கிறே."

அர்மானும் சிரித்துவைத்தார். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் பிடிக்காது. பக்கத்தில் சொலான்ஜ் விளக்கைப் போட்டுக்கொண்டு வழக்கின் நகல்களைப் படித்துக்கொண்டிருப்பாள். ஒன்பது வருஷமாக இதே கதை. முன்பெல்லாம் படுக்கும்முன் ஊர்வம்பு பேசுவார்கள், சண்டை போடுவார்கள், கால் குளிர்கிறதென்று அவள் தன் பாதங்களை அவர் கெண்டைக்காலில் வைத்துச் சூடேற்றிக்கொள்வாள். இப்போது மின்சாரப் போர்வை வாங்கியாயிற்று. அவருக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. அவள் தன் பக்கம் திரும்ப வேண்டும். அந்தக் கொலைகாரன் அந்தக் கட்டிலிலிருந்து இறங்கித் தொலைய வேண்டும். அவ்வளவுதான்.

இலையுதிர்காலத்தில் ஊர்ச் சங்கத்தார் சொலான்ஜை உரை நிகழ்த்தக் கூப்பிட்டார்கள். ஊர் மண்டபத்தில், சனிக்கிழமை மாலை, அந்தெல்ம் புரூனல் வழக்கைப் பற்றி. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எழுதினாள், அடித்தாள், திரும்ப எழுதினாள். உரைக்கு முந்திய வாரம், சமையலறையில் அர்மானை உட்காரவைத்து முழுவதும் வாசித்துக் காட்டினாள். அவர் கையில் கத்தியும் முன்னால் ஒரு கூடை செஸ்ட்நட்டும் இருந்தன. சுடுவதற்காக ஒவ்வொன்றின் தோலையும் கீறிக்கொண்டே அரைக் காதில் கேட்டுக்கொண்டிருந்தார்.

நன்றாகத்தான் எழுதியிருந்தாள். வடக்கேயிருந்து புதிதாக மாற்றலாகி வந்த காவல் அதிகாரி ஒருவன் சாவுகளை எண்ணிப் பார்த்துச் சந்தேகப்பட்டது, சங்கிலி போட்டு நடத்திக்கொண்டு போனது எல்லாம் வந்தது. பாதியில் நிறுத்தினாள். காகிதத்தை மேசையில் வைத்தாள்.

"இந்த ஒரு இடம் மட்டும் எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது. மெத்தை பிரிக்கிறது வசந்தத்துல செய்யற வேலை. வெயில்ல, முற்றத்துல போட்டு. ஆறு வீட்டுலயும் இவரு நடுக்குளிர்ல வந்திருக்காரு. ஏன்னு நீதிபதி கேக்கறாரு. ஆறு வீட்டு ஆளுங்களும், மெத்தை தைக்க வேண்டியிருந்துச்சுன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கறாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்லை. ஏன் அர்மான்? நீ இந்த ஊர்க்காரன்தானே. உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

ஒன்பது வருஷத்தில் அந்த வழக்கைப் பற்றி அவள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது. அர்மான் கத்தியைக் கீழே வைத்தார். அவருக்குத் தெரியும். கேட்ட அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது.

அவருக்குப் பதினேழு வயதாக இருக்கும்போது அப்பா நெஞ்சுச்சளியில் கிடந்தார். ஜனவரி மாதம். டாக்டருக்கு ஆள் அனுப்பவில்லை. இனிமேல் டாக்டர் எதற்கு என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். அம்மா ஆள் அனுப்பியது மெத்தைக்காரருக்கு. ஏனென்றால் பங்குக் கோயில் சாமியார், சாகக் கிடக்கிறவர் நெற்றியில் அவஸ்தை எண்ணெய் பூச வருவார். அவர் பின்னாலேயே ஊரும் வரும். குழிவிழுந்து நாறிப்போன மெத்தையில் வீட்டுத்தலைவனைக் கிடத்திவைத்து ஊருக்குக் காட்டுவதா? இந்தப் பக்கத்து வீடுகளில் அதைவிட மானக்கேடு கிடையாது. மெத்தைக்காரர் கம்பளியைக் கோதித் தைத்து முடிக்கும்வரை, ஒரு பகல் முழுக்க, அப்பாவைத் தரையில் வைக்கோல் மூட்டை மேல் கிடத்தியிருந்தார்கள். தோளைச் சித்தப்பா பிடித்தார். காலைப் பிடித்துக் கீழே இறக்கியது அர்மான். கம்பளித் தூசி பறக்குமென்று கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அப்பாவின் பல் கிடுகிடுவென்று அடிக்கிற சத்தம் அர்மானுக்கு இப்போதும் கேட்கும். புது மெத்தையில் ஏற்றிப் படுக்கவைத்தார்கள். சாமியார் வந்தார், அழகான படுக்கை என்றார். மறுநாள் விடியும்முன் அப்பா போய்விட்டார். அம்மாவை யாரும் கொலைகாரி என்று சொல்லவில்லை. அடுத்த தெருவில் சாகக் கிடந்தவர் வீட்டுக்கு அதே மெத்தைக்காரர் போனார்.

ஆக, அந்தெல்ம் புரூனல் வந்ததால் அந்த விதவைகள் சாகவில்லை. அவர்கள் செத்துக்கொண்டிருந்ததால்தான் அவனுக்கு ஆள் போனது. கொன்றது குளிர், தரை, வைக்கோல், ஊர் மானம். அதை நீதிமன்றத்தில் சொன்னால் ஏன் டாக்டரைக் கூப்பிடவில்லை என்று நீதிபதி கேட்பார். அதனால் ஆறு வீடும் மெத்தை தைக்க வேண்டியிருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. ஷசாங் வீடும்தான். தரையில் கிடந்த நோயாளியைப் பார்த்திருந்தாலும், அந்நிய ஊர்க்காரனான அந்தெல்முக்கு இந்த வழக்கம் விளங்கியிருக்காது. கூப்பிட்டார்கள், போனான்.

முதலில் அர்மானுக்கு வந்தது சந்தோஷம். இதை ஒளித்துச் சொல்வதில் அர்த்தமில்லை, அவருக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அவன் கொலைகாரனே இல்லை, வெறும் மெத்தைக்காரன். வழக்கும் இல்லை, உரையும் இல்லை, செவ்வாய்க்கிழமையும் இல்லை. ஒரே வார்த்தையில் அவனை வீட்டைவிட்டு விரட்டிவிடலாம். சொல்ல வாயைத் திறந்தார்.

சொலான்ஜ் அவரைப் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த நகலில், கையெழுத்துக்குப் பதிலாக அவன் போட்ட கோணல் சிலுவைக் குறியை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏன் கொன்னோம்னு அவருக்கே தெரிஞ்சிருக்காதோன்னு சில சமயம் தோணும்," என்றாள் மெல்ல.

அர்மான் திறந்த வாயை மூடினார். கொலைகாரனுக்கே இந்தத் தடவல் என்றால், குற்றமற்றவனுக்கு என்னவெல்லாம் செய்வாள்? அவருக்கு எல்லாம் கண்முன்னால் ஓடியது. மந்திரிக்கு மனு போடுவாள். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடுவாள். சதுக்கத்தில் அவன் பெயரில் கல் நடச் சொல்வாள், அந்தக் கல்லுக்குப் பூ வைப்பாள், பூ வாங்க அர்மான்தான் வண்டி ஓட்ட வேண்டும். அநியாயமாகச் செத்தவனோடு போட்டி போட யாரால் முடியும்? அப்புறம் அவள் இந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள்.

அவர் இன்னொரு செஸ்ட்நட்டை எடுத்தார்.

"அவனே வீடு வீடா வந்து கேட்டிருப்பான்," என்றார். "குளிர்காலத்துல வேலை கிடைக்காது பாரு. கதவைத் தட்டி, அரைக் கூலிக்குத் தைச்சுத் தரேன்னு கெஞ்சிக்கிட்டு நிப்பானுங்க. விதவைங்க இருக்கிற வீடாப் பார்த்துப் பார்த்து. எங்கம்மா சொல்லியிருக்கா."

சொலான்ஜ் நிமிர்ந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அந்த வெளிச்சம் அவர் மேல் விழுந்தது. எழுந்து வந்து அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து உச்சந்தலையில் முத்தம் கொடுத்தாள்.

"இத்தனை வருஷமா உன்னையே பக்கத்துல வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கேனே," என்றாள்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. ஹேசல்நட் கேக் ஆறேழு வீட்டிலிருந்து வந்திருந்தது. சொலான்ஜ் நீல உடை போட்டிருந்தாள். தடுமாறாமல் பேசினாள். நடுக்குளிரில் மெத்தைக்காரன் ஏன் வந்தான் என்ற இடம் வந்ததும் நிறுத்தி, தண்ணீர் குடித்து, இதற்கு விடை தந்தவர் இந்த ஊரிலேயே பிறந்த என் கணவர் என்றாள். கூப்பிட்டார்கள் என்று அவன் சொன்னது பொய், மெத்தைக்காரன் தானாகவே விதவைகளின் கதவைத் தேடித் தேடித் தட்டினான், ஆகவே அது திட்டமிட்ட கொலைதான், இனி இதில் சந்தேகத்துக்கு இடமில்லை என்று முடித்தாள். எல்லோரும் திரும்பி அர்மானைப் பார்த்துக் கைதட்டினார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் பலமாகத் தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த வயதானவர்கள் ஏழெட்டுப் பேர் மெதுவாகத் தட்டினார்கள். ஒருவரும் எழுந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேக் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் மது மேசைப் பக்கம் லூசியேன் பெய்ரோ வந்து நின்றார். கேலி செய்யப் போகிறார் என்று அர்மான் காத்திருந்தார். லூசியேன் இரண்டு கோப்பையில் ஊற்றினார்.

"உங்கப்பா மெத்தை ஜனவரியில தைச்சதுதானே?" என்றார், மேசையைப் பார்த்தபடி.

"ஆமா."

"எங்க வீட்டுல பிப்ரவரி."

ஒரு கோப்பையை அர்மான் பக்கம் தள்ளினார். இரண்டு பேரும் குடித்தார்கள். லூசியேன் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, வழக்கமாகச் சொல்கிற எதையும் சொல்லாமல் வெளியே போனார். அன்றிலிருந்து சீட்டாட்டத்தில் அவர் மெத்தைக்காரன் பேச்சை எடுப்பதே இல்லை. அர்மானுக்கு அதுதான் மற்ற எல்லாவற்றையும்விட உறுத்துகிறது.

மண்டபத்திலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. சொலான்ஜ் காகிதக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் தோளோடு ஒட்டி நடந்தாள்.

"முடிஞ்சுது," என்றாள். "அந்த ஆளை இனிமே தொடப்போறதில்லை. எதுக்கு இத்தனை நாள் அவன் பின்னாடி சுத்தினேன்னே தெரியலை. இப்ப எல்லாம் தெளிவா ஆயிடுச்சு, இனிமே அதுல என்ன இருக்கு?"

அர்மான் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"செவ்வாக்கிழமை உன் ஆளுங்களை எடுக்கப்போறேன். மர்கெரித்தோட விட்டுட்டேன் பாரு, அங்கேயிருந்து. வீட்டுல யார் யார் இருந்தாங்க, எப்படி வாழ்ந்தாங்க, எப்படிப் போனாங்க, எல்லாத்தையும் எழுதணும். உங்கப்பா வரைக்கும் கொண்டு வந்துடணும்." சில அடிகள் போனதும் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். "உங்கப்பா எப்படிப் போனாருன்னு நீ சொன்னதே இல்லையே?"

"குளிர்ல," என்றார் அர்மான்.

சொலான்ஜ் அவர் கையைப் பிடித்தாள். ஜில்லென்று இருக்கிறதே என்று சொல்லி, அதை எடுத்துத் தன் கையோடு சேர்த்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஒன்பது வருஷமாக அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.